மூளையை மட்டும் மாற்றினால் போதுமா? கார் ரீமேப் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கார் ரீமேப் செய்து தரும் கடைகளின் விளம்பரங்களைத் தொடர்ந்து படிச்சுக்கிட்டு வர்றேன். பெங்களூரு, கோயம்புத்தூர், சென்னை, கொச்சி, எந்த ஊர்க் கடையா இருந்தாலும் இலக்கணம் ஒண்ணுதான். இடது பக்கம் கம்பெனி கொடுத்த குதிரைத்திறன், நடுவுல ஒரு அம்புக்குறி, வலது பக்கம் இவங்க கொடுக்கப்போற குதிரைத்திறன். கீழே ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று விலையோடு மூணு பெட்டி. ஸ்டேஜ் 1 என்றால் காரோட ஈசியூவுல, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்ல, மென்பொருளை மட்டும் மாத்துறது. ஸ்டேஜ் 2 என்றால் கூடவே ஏர் ஃபில்டர், சைலன்சர் பைப், இன்டர்கூலர். ஸ்டேஜ் 3 என்றால் டர்போவே வேற. இந்தப் பிரிவுக்கு எந்தத் தர நிர்ணய அமைப்பும் விளக்கம் கொடுத்ததில்லை. ஒரு கடையோட ஸ்டேஜ் 2 இன்னொரு கடையில ஸ்டேஜ் 1 பிளஸ்.

இந்த வரிசைதான் என்னோட முதல் புகார். மென்பொருளை முதல்ல மாத்து, மத்ததைக் காசு இருக்கும்போது பார்த்துக்கலாம்னு இது சொல்லாமச் சொல்லுது. வியாபாரத்துக்கு இது வசதி. லேப்டாப்பும் ஒரு கேபிளும் போதும், ஒரு மணி நேரத்துல வேலை முடியும், எந்தப் பாகத்தையும் கழட்ட வேண்டாம். காருக்கு இது நேர் தலைகீழ் வரிசை என்பதுதான் இந்தக் குறிப்போட வாதம். அதுக்கு நான் எடுத்துக்கிற முக்கியமான சாட்சி கோயம்புத்தூர்ல உருவான ஒரு கார். அங்க போறதுக்கு முன்னாடி ஈசியூ உள்ளே என்னதான் இருக்குன்னு பார்த்துடலாம்.

ஈசியூ என்பது 'வேண்டாம்'களின் பட்டியல்

நீங்க ஆக்சிலரேட்டரை மிதிக்கிறது ஒரு வேண்டுகோள் மட்டும்தான். இவ்வளவு டார்க் வேணும்னு கேட்கிறீங்க. ஈசியூ அதை வாங்கிக்கிட்டு வரிசையா பல அட்டவணைகளைக் கேட்கும். இந்த வேகத்துல டர்போ எவ்வளவு காற்று தள்ளலாம்? இந்தக் காற்றுக்கு எவ்வளவு எரிபொருள் ஊத்தினா புகை வராது? கூலன்ட் சூடு எவ்வளவு? இந்த கியர்ல கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்? ஒவ்வொண்ணும் ஒரு எண் சொல்லும். அதுல எது சின்னதோ அதுதான் ஜெயிக்கும். இப்போதைய டர்போ கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கு.

அப்போ அந்த அட்டவணைகள் ஒவ்வொண்ணும் யாரோ ஒரு பொறியாளர் "இதுக்கு மேல வேண்டாம்"னு போட்ட கோடு. சில கோடுகள் உண்மையிலேயே வியாபாரக் கோடுகள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே இன்ஜினை ரெண்டு விலைக்கு விக்கிறதுக்காக ஒண்ணைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது எல்லா கம்பெனியும் செய்யுறது. ரீமேப் கடைக்காரங்க இதைத்தான் சொல்லி விக்கிறாங்க: "கம்பெனிக்காரன் பவரைப் பூட்டி வச்சிருக்கான், நாங்க திறந்து விடுறோம்." பாதி உண்மை. மீதிக் கோடுகள் கிளட்சுக்காக, பிஸ்டனுக்காக, மட்டமான பெட்ரோலுக்காக, மே மாச வெயிலுக்காக, வெளியே போற புகைக்காகப் போட்டது. எந்தக் கோடு வியாபாரத்துக்கு, எந்தக் கோடு பாதுகாப்புக்குன்னு அட்டவணையைப் பார்த்து மட்டும் தெரியாது. ரெண்டும் வெறும் எண்ணாத்தான் இருக்கும்.

டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் கார்ல இந்தக் கேள்வியே பெரிசா எழாது. அதுல இன்ஜின் உறிஞ்சுற காற்றை மென்பொருளால கூட்ட முடியாது. மிதிச்ச உடனே கொஞ்சம் சுறுசுறுப்பாத் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சுறுசுறுப்புலயும் பாதி, ஆக்சிலரேட்டர் மிதிக்கு ஈசியூ பதில் சொல்ற வேகத்தை மாத்தினதால வர்றது. அதை பவர் கூடிடுச்சுன்னு விக்கிறது நியாயமில்லை.

விலை குறைஞ்ச 'ட்யூனிங் பாக்ஸ்' இன்னொரு ரகம். அது ஈசியூவைத் தொடாது, சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவுல உட்கார்ந்து பொய் சொல்லும். டீசல் கார்ல எரிபொருள் அழுத்தம் குறைவா இருக்குன்னு சொல்லும், ஈசியூ அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். காவல்காரனைப் பக்கத்துல வச்சுக்கிட்டே அவன் கண்ணைக் கட்டுற வேலை இது.

75-க்கும் 90-க்கும் நடுவுல என்ன இருந்தது?

ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினை இந்தியாவோட 'தேசிய இன்ஜின்'னு கேலியாச் சொல்லுவாங்க. மாருதி ஸ்விஃப்ட், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோன்னு எல்லாத்துலயும் அதே 1248 சிசி. ஸ்விஃப்ட்ல அது 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க். எர்டிகாவுல, எஸ்எக்ஸ்4-ல 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். "பாருங்க, அதே இன்ஜின், 15 குதிரைத்திறனை ஸ்விஃப்ட்காரங்களுக்குக் கொடுக்காம விட்டுட்டாங்க"ன்னு இதைக் காட்டித்தான் பல வருஷம் ரீமேப் விக்கப்பட்டது.

விட்டுப்போன விவரம் ஒண்ணு உண்டு. 75-ல இருந்தது இறக்கைகள் அசையாத சாதாரண டர்போ. 90-ல இருந்தது வேகத்துக்குத் தகுந்த மாதிரி உள்ளே இறக்கைகள் திரும்பிக்கொடுக்கிற டர்போ. கம்பெனி 15 குதிரைத்திறனை லேப்டாப்பால் எடுக்கல, இரும்பால் எடுத்தது. அதே 15-ஐப் பழைய டர்போவை வச்சுக்கிட்டே மென்பொருளால எடுக்கணும்னா அந்த டர்போவை அதுக்குன்னு வகுத்த வேகத்தைத் தாண்டிச் சுத்த விடணும், டீசலைக் கூடுதலா ஊத்தணும். ஊத்தின டீசல் முழுசா எரியலைன்னா பின்னாடி கறுப்புப் புகையா வரும். நம்ம ஊர்ப் பசங்க அந்தப் புகையைப் பெருமையாப் பார்ப்பாங்க. அது காசு கொடுத்து வாங்கின டீசல் எரியாமப் போறது.

டைனோ தாளை எப்படிப் படிக்கிறது

பொதட்டூர்பேட்டையில எங்க தெருப் பையன் ஒருத்தன், தறி வருமானத்துல செகண்ட் ஹேண்டா ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினவன், பெங்களூருல ரீமேப் பண்ணிட்டு வந்து டைனோ தாளை நீட்டினான். "ண்ணா, கம்பெனி போட்டதை விட முப்பது ஏறியிருக்கு ண்ணா." தாள்ல ரெண்டு வளைகோடு. கீழே பொடி எழுத்துல 'கரெக்டட்'னு இருந்தது. விஷயமே அந்த ஒரு வார்த்தையிலதான் இருக்கு.

டைனோ என்பது சக்கரத்தை உருளை மேல ஓட்டி சக்தியை அளக்கிற மேடை. அளந்த எண்ணை அன்னைக்கு இருந்த காற்றழுத்தம், வெப்பநிலைக்கு ஏத்த மாதிரி ஒரு பொது நிலைக்குத் திருத்துவாங்க. பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல சுமார் 900 மீட்டர். காற்று அங்க லேசு, அதனால டர்போ இல்லாத இன்ஜின் அங்க கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு சக்தியை இழக்கும். திருத்தம் அதைத் திருப்பிச் சேர்க்கும். அது நியாயம். டர்போ இன்ஜின்ல கதை வேற. காற்று லேசா இருந்தா டர்போ இன்னும் வேகமாச் சுத்தி அந்தக் குறையைப் பெரும்பாலும் தானே ஈடுகட்டிடும். ஈடுகட்டின எண் மேல மறுபடியும் திருத்தத்தைப் போட்டா, இல்லாத சக்தி தாள்ல முளைக்கும். உண்மையில 120 இருக்கிற கார் 132-னு காட்டும்.

இன்னொரு கண்கட்டு. கம்பெனி சொல்ற எண் இன்ஜின்ல அளந்தது. டைனோ காட்டுறது சக்கரத்துல. நடுவுல கியர்பாக்ஸ் கொஞ்சம் தின்னுடும். சில கடைகள் ரீமேப்புக்கு முன்னாடி சக்கர எண்ணையும், ரீமேப்புக்கு அப்புறம் அதை இன்ஜினுக்கு மாத்திக் கணக்குப் போட்ட எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வைப்பாங்க. ரெண்டும் ஒரே நாள், ஒரே கியர், ஒரே திருத்தமான்னு கேட்டா பதில் வராது. தெருப் பையனோட தாள்ல ரெண்டு கோட்டுக்கும் தேதியே வேற.

விளம்பர எண்களைச் சோதிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். டார்க்கை (நியூட்டன் மீட்டர்) இன்ஜின் சுழற்சியால (ஒரு நிமிஷத்துக்கு) பெருக்கி 7023-ஆல வகுத்தா குதிரைத்திறன் வரும். இதை மனசுல வச்சுக்குங்க, அடுத்த பகுதியில தேவைப்படும்.

கோயம்புத்தூர் பாடம்

ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் கோயம்புத்தூர்க் கம்பெனி. அதை நடத்துற ஜே. ஆனந்த் பழைய ரேஸ் ஓட்டுநர். அந்த ஊருக்கு இந்த விஷயத்துல ஒரு பரம்பரை உண்டு. கரிவரதன் மாருதி 800-ஓட 796 சிசி இன்ஜினை வச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செஞ்சது அங்கதான். எல்லாருக்கும் அதே சின்ன இன்ஜின். எடையைக் குறை, கார் சாயாம நிக்க வை, மீதியை ஓட்டுறவன் பார்த்துக்கட்டும் என்பது அந்த வகுப்போட தத்துவம். செட்டிபாளையத்துல இருக்கிற ரேஸ் தடத்துக்கு அவர் பேரைத்தான் வச்சிருக்காங்க.

ஜெயமும் டாடா மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபர்ல டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபின்னு ரெண்டு கார் விட்டாங்க. டியாகோவுக்கு 6.39 லட்சம், டிகோருக்கு 7.49 லட்சம். சாதாரண டியாகோ பெட்ரோல் 85 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர். ஜேடிபியில நெக்ஸானோட 1.2 லிட்டர் டர்போ இன்ஜினை வச்சாங்க. 100 கிலோமீட்டர் வேகத்தை 9.95 நொடியில தொடும்னு கம்பெனி சொன்னது.

இதுல விமர்சகன் நின்னு பார்க்க வேண்டிய இடம் இது: நெக்ஸான்ல அந்த இன்ஜின் 110 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். ஜேடிபியில 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். ரேஸ் பரம்பரையில வந்தவங்க, 'பெர்ஃபார்மன்ஸ் கார்'னு பேர் வச்சு விக்கிறவங்க, டார்க்கை 20 குறைச்சிருக்காங்க! எந்த ரீமேப் விளம்பரத்துலயாவது அம்புக்குறி கீழ்நோக்கிப் போய்ப் பார்த்திருக்கீங்களா?

ஏன் குறைச்சாங்க? கியர்பாக்ஸைப் பாருங்க. நெக்ஸான்ல 6 கியர், 170. ஜேடிபியில 5 கியர், 150. அதே 1.2 டர்போ 2021-ல ஆல்ட்ரோஸ் ஐ-டர்போவுக்குப் போனப்போ 5 கியர், 140. 2024-ல ஆல்ட்ரோஸ் ரேசர் வந்தப்போ 6 கியர் திரும்பி வந்தது, டார்க்கும் 170-க்குத் திரும்பி வந்தது, குதிரைத்திறன் 120. ஒரே இன்ஜின், நாலு கார். டார்க் எண் இன்ஜினைப் பார்த்து எழுதப்படல, பின்னாடி இருக்கிற கியர்பாக்ஸைப் பார்த்து எழுதப்பட்டிருக்குன்னுதான் நான் இதை வாசிக்கிறேன். ஐந்து கியர் வண்டியை 170-க்கு ரீமேப் பண்ணித் தர்றோம்னு ஒருத்தர் சொன்னா, அவர் எந்தக் கோட்டை அழிக்கிறார்னு இப்போ உங்களுக்குப் புரியும்.

டார்க்கைக் குறைச்சுட்டு எப்படி வேகமான கார் கொடுத்தாங்க? கியர் விகிதங்களைக் குட்டையாக்கினாங்க. இன்ஜின் கொடுக்கிற 150-ஐ கியர் பெருக்கித்தான் சக்கரத்துக்கு அனுப்புது. பெருக்கலைக் கூட்டினா சக்கரத்துல இழுவை கூடும், உச்ச வேகமும் மைலேஜும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும். கூடவே சஸ்பென்ஷனை இறுக்கிக் காரை 4 மில்லிமீட்டர் தாழ்த்தினாங்க. 15 அங்குல சக்கரம், அகலமான 185 டயர். ஸ்டீயரிங் திருத்தம், காற்று உள்ளே போற வழி, சைலன்சர் எல்லாம் மாத்தினாங்க. மென்பொருள்ல சிட்டி, ஸ்போர்ட்னு ரெண்டு நிலை. ஈசியூ வேலை இங்கயும் நடந்திருக்கு. ஆனா அது மத்த எல்லா வேலையோடயும் சேர்ந்து நடந்திருக்கு, மத்ததுகளோட எல்லையைத் தெரிஞ்சுக்கிட்டு நடந்திருக்கு.

4 மில்லிமீட்டர்னு படிச்சுட்டு சிரிச்சவங்க உண்டு. எனக்கு அந்தக் கார்ல ரொம்பப் பிடிச்ச எண் அதுதான். நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கரை மனசுல வச்சுக்கிட்டு ஒரு ரேஸ்காரர் எவ்வளவு தூரம் தன்னைக் கட்டுப்படுத்திக்க முடியும்னு அது காட்டுது.

பாராட்டு மட்டும் போதாது. முன்னாடி சொன்ன கணக்கை ஜேடிபியோட சொந்த எண்கள் மேல போடுங்க. 114 குதிரைத்திறன் 5000 சுழற்சியில வருதுன்னு அறிவிச்சாங்க. அதிகபட்ச டார்க் 150. 150-ஐ 5000-ஆல பெருக்கி 7023-ஆல வகுத்தா 107-தான் வருது. 114 வரணும்னா 5000 சுழற்சியில 160 நியூட்டன் மீட்டர் வேணும், அல்லது சுழற்சி 5300-ஐத் தாண்டணும். அறிவிச்ச ரெண்டு எண்ணும் ஒண்ணையொண்ணு ஒத்துக்கல. நெக்ஸானோட 110-ஐ விட ஒரு படி பெரிய எண் விளம்பரத்துக்குத் தேவைப்பட்டிருக்கும்னு எனக்குத் தோணுது. இவ்வளவு அடக்கமா வேலை செஞ்ச காரும் விக்கிறப்போ பெரிய எண்ணைத்தான் பிடிச்சுத் தொங்க வேண்டியிருந்தது. 2020-ல பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தப்போ ஜேடிபி கார்கள் நின்னுபோச்சு, கூட்டும் முடிஞ்சுது.

தறிக்காரங்களுக்கு இது தெரிஞ்ச கதை

பொதட்டூர்பேட்டையில இதை விளக்க எனக்கு டைனோ தேவையில்லை. விசைத்தறியில மோட்டார் புல்லியைப் பெரிசா மாத்தினா தறி வேகமா ஓடும். ஒரு மெக்கானிக், ஒரு ஸ்பானர், அரை மணி நேர வேலை. ஆனா எந்தத் தறிக்காரரும் அதை மட்டும் செய்ய மாட்டார். வேகம் கூடினா பாவு நூல் அறும். அறாம இருக்கணும்னா கஞ்சி சரியா ஏறியிருக்கணும். நாடா பெட்டிக்குள்ள வந்து சேர்ற நேரமும் அடிக்கிற விசையும் மாறும், அதைத் திருத்தலைன்னா நாடா தறியை விட்டு வெளியே பறக்கும், பக்கத்துல நிக்கிறவங்க மேல படும். நூல் அறுந்து அறுந்து தறி நின்னா, சாயந்தரம் கணக்குப் பார்க்கும்போது வேகம் கூட்டின தறியில மீட்டர் குறைவா இருக்கும். நிமிஷத்துக்கு எத்தனை சுத்து என்பதை வச்சு யாரும் கூலி கொடுக்கிறதில்லை. கார்க்காரங்க மட்டும் சுத்துக்குக் காசு கொடுக்கிறாங்க.

திருத்தணி வெயில், பங்க் பெட்ரோல்

கோடையில தமிழ்நாட்டு வெப்பநிலைப் பட்டியல்ல திருத்தணி பேர் அடிக்கடி முதல் சில இடங்கள்ல வரும். 40 டிகிரிக்கு மேல என்பது இங்க செய்தியே இல்லை. டர்போ காற்றை அழுத்தும்போது அது இன்னும் சூடாகும். இன்டர்கூலர் அதைக் குளிர வைக்கணும், ஆனா வெளிக்காத்தை விட அதால குளிர வைக்க முடியாது. சூடான காத்துல பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே வெடிக்கும். மெக்கானிக் பாஷையில நாக்கிங். சென்சார் அதைக் கேட்டதும் ஈசியூ பொறி விடுற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், சக்தி குறையும். பெங்களூருல இதமான காலையில, முன்னாடி பெரிய ஃபேன் வச்சு எடுத்த எண், மே மாச மத்தியானம் நாலு பேரோட திருத்தணி மலைப்பாதையில ரெண்டாவது கியர்ல ஏறும்போது உங்க கையில இருக்காது. இன்டர்கூலரைத் தொடாம மென்பொருளை மட்டும் மாத்தினவங்களுக்கு இது இன்னும் மோசம். அந்த நாக் சென்சாரோட காதையே மந்தமாக்கி எண் காட்டுற ஃபைல்களும் உலவுது. அப்போ சக்தி குறையாது, பிஸ்டன் குறையும்.

பெட்ரோலையும் பார்க்கணும். நல்ல ரீமேப் ஃபைல் பலதும் 95 ஆக்டேனுக்கு மேல இருக்கும்னு நம்பி எழுதப்படுறது. நாம பல வருஷம் ஊத்தினது 91. இப்போ 20 சதவீத எத்தனால் கலந்து வருது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், அது நல்லதுதான். ஆனா கலவைக் கணக்கு மாறுது. சுத்த பெட்ரோல் 1 கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும், எத்தனாலுக்கு 9 கிலோதான். 10 சதவீதக் கலவைக்கு 14.1, 20 சதவீதக் கலவைக்கு 13.5. அதாவது அதே காற்றுக்கு 4 சதவீதம் கூடுதலா எரிபொருள் ஊத்தணும். சாதாரண ஓட்டத்துல ஆக்சிஜன் சென்சார் பார்த்து ஈசியூ தானே சரிபண்ணிக்கும். முழுசா மிதிக்கும்போது பல பழைய கார்கள் சென்சாரைக் கேட்காம அட்டவணையை நம்பித்தான் ஓடுது. 10 சதவீதக் காலத்துல விளிம்பு வரைக்கும் இழுத்து எழுதின ஃபைலுக்கு இந்த 4 சதவீதம் சின்ன விஷயம் கிடையாது. கம்பெனி விட்டு வச்ச 'வீணான' இடைவெளி இதுக்குத்தான் இருந்தது. ரெண்டு கிலோமீட்டர்ல ஆந்திரா பங்க், ரெண்டு கிலோமீட்டர்ல தமிழ்நாட்டு பங்க்னு ஓட்டுற எல்லை ஊர்க்காரங்க, எந்த பங்க்ல எது வருதுன்னு தெரியாமலே ஊத்திக்கிட்டுப் போற நாட்டுக்குத்தான் அந்த இடைவெளி எழுதப்பட்டது.

சட்டமும் புகையும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறா வாகனத்தை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்துச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்னு வந்தது. பெரிய சைலன்சர் கண்ணுல பட்டு போலீஸ் நிறுத்தும். மென்பொருள் யார் கண்ணுக்கும் தெரியாது. நின்ன இடத்துல எடுக்கிற புகைப் பரிசோதனையிலயும் பெரும்பாலும் மாட்டாது, ஏன்னா ரோட்ல சுமையோட முழு மிதியில ஓடும்போது வர்ற புகையை அது பார்க்கிறதே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத மென்பொருள் என்ன செய்யும்னு உலகமே 2015 செப்டம்பர்ல பார்த்தது. ஃபோக்ஸ்வேகன் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் கார்கள்ல, சோதனை நடக்குதுன்னு கண்டுபிடிச்சா மட்டும் ஒழுங்கா நடந்துக்கிற மென்பொருளை வச்சிருந்தது. இந்தியாவுல மட்டும் 3 லட்சத்துக்கு மேல கார்களைத் திரும்ப அழைச்சாங்க. அன்னைக்கு எல்லாரும் கோபப்பட்டோம். டீசல் கார்ல புகை வடிகட்டியையும் ஈஜிஆர் வால்வையும் மென்பொருள்ல அணைச்சு வச்சு 'டெலீட்'னு விலை போட்டு விக்கிறது அதே குற்றத்தோட சில்லறை வியாபாரம். அந்தப் புகையைச் சுவாசிக்கிறது காருக்குள்ள ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறவர் கிடையாது. பின்னாடி டிவிஎஸ் 50-ல பாவு மூட்டையோட வர்றவர்.

அப்போ என்னதான் செய்யலாம்?

ரீமேப்பே கூடாதுன்னு சொல்ல வரல. டர்போவோ, இன்டர்கூலரோ, சைலன்சரோ மாத்தினா ஈசியூவை மாத்தியே ஆகணும். புது இரும்புக்குப் பழைய அட்டவணை பொருந்தாது. ஈசியூ வேலையோட உண்மையான இடம் அதுதான், வரிசையில கடைசி. அதுக்கு முன்னாடி டயர், பிரேக், கூலிங், கிளட்ச். ரேஸ் தடத்துல ஓட்டணும்னு ஆசை இருந்தா அதுக்கு முறையா இடம் இருக்கு: இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும். நூறு கிலோமீட்டருக்கு மேல போற காரை நிறுத்துறது ஈசியூ வேலை இல்லைன்னு முதல் வளைவுலயே புரிஞ்சுடும்.

கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டியதை எழுதி வச்சுக்குங்க:

என் காரோட கம்பெனி ஃபைலைப் பத்திரமா எடுத்து எனக்கு ஒரு நகல் தருவீங்களா?

எந்தெந்த எல்லைக்கோட்டை மாத்துறீங்க? கியர்பாக்ஸ் கோட்டையும் நாக் சென்சார் கோட்டையும் தொடுறீங்களா?

எந்த ஆக்டேனுக்கு, எத்தனை சதவீத எத்தனாலுக்கு இந்த ஃபைல்?

டைனோவுல முன்னும் பின்னும் ஒரே நாள் ஓட்டுவீங்களா? திருத்தம் போடாத எண்ணையும் தருவீங்களா?

மாத்தினதுக்கு அப்புறம் ரோட்ல ஓட்டி, உள்ளே போற காத்தோட சூட்டையும் பொறி நேரத்தையும் பதிவு பண்ணிக் காட்டுவீங்களா?

இதுக்கெல்லாம் முகம் சுளிக்காம பதில் சொல்ற ட்யூனர்கள் இருக்காங்க. அவங்க கொடுக்கிற எண் பெரும்பாலும் சின்னதா இருக்கும். தெருப் பையன் இந்தக் கேள்விகளைப் போன்ல கேட்டான். முதல் கேள்விக்கே அந்தப் பக்கம் "அது கம்பெனி ரகசியம் தம்பி"ன்னு வந்தது. இவன் காரோட ஃபைல் இவனுக்கே ரகசியமாம். இப்போ அவன் பழைய ஃபைலைத் திரும்பப் போட இன்னொரு கடையில விலை கேட்டுக்கிட்டிருக்கான். அதுக்கும் காசு.

ஜேடிபியைப் பழைய கார் சந்தையில தேடி வாங்குறவங்க இன்னைக்கும் உண்டு. அந்தக் காரைக் கொண்டாடுற பலரும் வாங்கின கையோட கேட்கிறது, "இதை 170-க்கு ரீமேப் பண்ணலாமா?" கோயம்புத்தூர்ல அந்த 20-ஐ உட்கார்ந்து குறைச்சவங்க எந்தக் காரணத்துக்காகக் குறைச்சாங்களோ, அந்தக் காரணம் இன்னும் அதே அஞ்சு கியருக்குள்ளதான் இருக்கு.